ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் முடிவு போன வாரம் வந்தது. எழுத்துப் பகுதியில் 350. முந்தைய தடவை அதே பகுதியில் வாங்கியது 280. பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்.எம்.சி., கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றுக்கும் 350 கேட்கிறது. எழுத்துக்கு 300 போதும். மற்ற மூன்றும் முதலிலேயே கரையேறிவிட்டன. எழுத்து மட்டும் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

முடிவைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நன்றி சொன்னேன். யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "படித்தது நீ, எங்களுக்கு எதற்கு நன்றி" என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் இந்த மடல். பெயர் போடக்கூடாது என்று மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

செவிலியர் அல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓ.இ.டி. என்பது மருத்துவர், செவிலியர், மருந்தாளர் எனப் பன்னிரண்டு மருத்துவத் துறைத் தொழில்களுக்கான ஆங்கிலத் தேர்வு. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்னமாரா வடிவமைத்தது. எழுத்துப் பகுதியில் கட்டுரை கிடையாது. ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுப்பார்கள். அதைப் படித்து இன்னொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுத வேண்டும். கடிதத்தின் முதன்மைப் பகுதி ஏறக்குறைய 180 முதல் 200 சொற்கள். மொத்தம் 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் படிப்பதற்கு மட்டுமே, பேனாவைத் தொடக்கூடாது.

திருத்துபவர்கள் குறைந்தது இரண்டு பேர். ஆறு அளவுகோல்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். கடிதத்தின் நோக்கம் தெளிவாக இருக்கிறதா என்பதற்கு 3 வரை. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடிதத்துக்குரிய நடை, ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7 வரை. இலக்கணம், எழுத்துப்பிழை, சொல்வளம் எல்லாம் சேர்ந்து அந்த ஆறில் ஒன்றுதான். இந்தப் பட்டியல் யாரும் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை, தேர்வு நடத்துபவர்களே பொதுவில் வைத்திருப்பது. மாதிரி வினாத்தாள்களையும் இலவசமாகத் தருகிறார்கள். முகம் தெரியாத அவர்களுக்கும் ஒரு நன்றி.

நான் பணம் கட்டிச் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் இந்தப் பட்டியலைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. எந்த நோயாளி வந்தாலும் பொருந்தும் என்று சொல்லி, ஒரு தொடக்க வாக்கியம், ஒரு முடிவு வாக்கியம், நடுவில் செருகப் பத்துப் பன்னிரண்டு தொடர்கள் அச்சடித்துக் கொடுத்தார்கள். மாரடைப்பு வந்தவருக்கும் குழந்தைப்பேறு முடிந்தவருக்கும் அதே தொடக்கம். வகுப்பு முழுவதும் அதை ஒரே குரலில் ஒப்பித்தோம். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

இனி உண்மையில் உதவியவர்கள்.

முதலில் எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். அவர் ஓ.இ.டி. எழுதியதில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. "இங்கிலீஷெல்லாம் என்னிடம் கேட்காதே" என்றுதான் எப்போதும் சொல்வார். ஓர் இரவுப் பணியில், நோயாளிகள் உறங்கிய பிறகு, மாதிரி வினாத்தாள் ஒன்றைப் பார்த்து நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய பெண்மணி. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் செவிலியருக்குக் கடிதம். சிஸ்டர் என் தோளுக்கு மேலிருந்து முதல் பத்தியைப் படித்தார். மேற்குறிப்பிட்ட நோயாளியைத் தங்கள் மேலான கவனிப்புக்காக அனுப்புகிறேன் என்கிற பொருளில், பயிற்சி மையம் கொடுத்த தொடக்கம் அது.

"சரி, நான்தான் அந்த நர்ஸ். நாளைக் காலை பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். உள்ளே போய் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

நான் நோட்ஸைப் புரட்டினேன். "அதைப் பார்க்காதே. காலை ஏழு மணிக்கு டூட்டி ஒப்படைக்கும்போது எனக்கு எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல்."

சொன்னேன். இடது குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது, படுக்கைப்புண்ணாக மாறாமல் பார்க்க வேண்டும். தையல் இடத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது, அறுவைக்குப் பின் ஏறி இறங்குகிறது. கணவர் இல்லை, தனியாக இருக்கிறார், மாடிப்படி உண்டு. தமிழில் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சின்ன வயதில் டான்சில் எடுத்ததைச் சொல்லவில்லையே?" என்றார். கடிதத்தில் அதற்கு ஒரு முழு வரி கொடுத்திருந்தேன். "தோட்டவேலை பிடிக்கும் என்பதையும் சொல்லவில்லை." அதற்கும் ஒரு வரி கொடுத்திருந்தேன். குதிகால் சிவப்போ, கடைசிப் பத்தியில், மருந்துப் பட்டியலுக்குப் பிறகு ஒளிந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான் அவர் செய்தது. பிறகு எட்டாம் படுக்கைக்கு டிரிப் மாற்றப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து எந்த நோட்ஸை எடுத்தாலும் முதலில் அதை வாயால் ஒப்படைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். வாயில் வராதது கடிதத்திலும் வரவில்லை. நோக்கம் தானாக முதல் பத்திக்கு ஏறிக்கொண்டது. ஆறு அளவுகோல்களில் நான்கையாவது அந்த இரவில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். சிஸ்டர், இங்கிலீஷ் தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, இங்கிலாந்தின் வடபகுதியில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி. இடைவேளையில் தேநீரை வைத்துக்கொண்டே எனக்குக் குரல்பதிவு அனுப்புவாள். பின்னணியில் அழைப்புமணி அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கடிதத்தை யார் படிக்கிறார்கள் என்பதை எனக்குப் புரிய வைத்தவள் அவள். நம் ஊரில் நோயாளியின் ஃபைல் நோயாளியோடு போகிறது. மஞ்சள் பையிலோ துணிக்கடைப் பையிலோ எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, பழைய சீட்டு எல்லாவற்றையும் மகனோ மருமகளோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டாக்டர் பையைக் கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். விட்டுப்போனதை வாய்திறந்து கேட்டுவிடலாம். அதனால் நாம் எழுதும் பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரிச் சம்பிரதாயம்.

அங்கே கதை வேறு. வீடு வீடாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், மருத்துவமனையில் நோயாளியைக் கண்டதே இல்லை. கதவைத் தட்டும் முன் அவருக்கு நோயாளியை அறிமுகப்படுத்துவது அந்தக் கடிதம். அடுத்த கட்டு எந்த நாளில் மாற்றுவது, எதைக் கண்டால் டாக்டரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். அதேபோல், பத்து வருடமாக அந்த நோயாளியைப் பார்த்துவரும் குடும்ப மருத்துவருக்கு எழுதும்போது பழைய நோய்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டியதில்லை. அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரே நோட்ஸை வைத்து இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதச் சொன்னாள். மருத்துவமனைக் கட்டிடத்தையே பார்க்காத பிசியோதெரபிஸ்ட் ஒருவருக்கும் எழுத வைத்தாள். மூன்று கடிதத்திலும் பொதுவாக இருந்தது நோயாளியின் பெயர், பிறந்த தேதி, இன்னும் ஓரிரு வரிகள்தான்.

அடுத்து எங்கள் ஊர் ஆங்கில சார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போன் திரையில் திருத்தக் கைவரவில்லை என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் குறித்து, பேரனை விட்டுப் படமெடுத்து அனுப்புவார். சார் தவற்றைத் திருத்தித் தரமாட்டார். வரிக்கு நேரே ஓரத்தில் ஓர் எண் மட்டும் இருக்கும். 2 என்றால் அந்த வரியில் இரண்டு பிழை. கண்டுபிடிப்பது என் பாடு. ஒன்றும் இல்லாத வரிக்கு ஒரு சின்ன டிக். தொடக்கத்தில் டிக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் குவிந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். 'ஏ', 'தி' போட வேண்டிய இடம். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன் அப்படிக் கட்டாயமாக ஒன்றும் வராது என்பதால் நம் கண்ணுக்கு அது இல்லாத குறையே தெரிவதில்லை. சார் சொன்ன வழி: முதல் தடவை வருகிற விருந்தாளிக்கு 'ஏ', வந்து பழகிவிட்டவருக்கு 'தி'. முதல் வரியில் புண் என்று அறிமுகமானால் 'ஏ வூண்ட்'. அதற்குப் பிறகு கடிதம் முடியும்வரை 'தி வூண்ட்'. விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் பாதிப் பிழை இதிலேயே உதிர்ந்துவிட்டது. இன்னொன்று, நடந்து முடிந்ததற்குத் தேதி போட்டுவிட்டால் வினை இறந்தகாலமாகவே நிற்க வேண்டும். 12ஆம் தேதி என்று எழுதிவிட்டு 'ஹேஸ் பீன் அட்மிட்டட்' என்று எழுதக்கூடாது. 'ஈஸ் ஹேவிங் டயபடீஸ்' என்பதை ஒரு தடவை மட்டும் பெரிய வட்டம் போட்டு, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி இட்டு அனுப்பினார். 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதியதற்குப் போனிலேயே கூப்பிட்டுத் திட்டினார். விடுப்பு விண்ணப்பத்தின் கடைசி வரியாக அதை எங்கள் வகுப்புக்கே கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான் சார். அப்போது சொல்லப் பயம். இப்போது கடல் தாண்டப்போகிற தைரியத்தில் சொல்கிறேன்.

கோட்டயத்திலிருந்து வந்து என்னோடு விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட சேச்சிக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் தேர்வுக் கண்காணிப்பாளராக மாறியிருந்தார். நோட்ஸைக் கையில் கொடுத்ததும் என் பேனாவை வாங்கித் தன் தலையணைக்கடியில் வைத்துவிடுவார். 5 நிமிடம் முடியும்வரை கெஞ்சினாலும் தரமாட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. அடிக்கோடு போட வழியில்லாதபோது கண் வேறு மாதிரி படிக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது: கேள்வியில் யாருக்குக் கடிதம் என்பதை முதலில் பார்ப்பது, நோட்ஸின் கடைசிப் பகுதிக்குப் போய் இன்றைய நிலையைப் பார்ப்பது, பிறகு மேலே திரும்புவது. மீதி 40 நிமிடத்தில் 30 ஆனதும், புதிதாக எதையும் சேர்க்காதே, படித்துப் பார் என்று மலையாளத்தில் ஒரு குரல் வரும். அந்தக் கடைசி நிமிடங்களில்தான் விட்டுப்போன 'தி'க்களைப் பிடித்தேன். பகலில் தூங்க வேண்டிய நேரத்தைச் சேச்சி இதற்குக் கொடுத்தார். இரண்டு வார இறுதிகளில் எனக்காக டூட்டியும் மாற்றிக்கொண்டார்.

வீட்டைப் பற்றி நீட்டி எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. தேர்வுக் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கவில்லை. மறுபடி எழுதப் போகிறேன் என்றதும் அம்மா சீட்டை எடுத்துக் கொடுத்தார், அண்ணன் தன் பைக் மாற்றுவதைத் தள்ளிப்போட்டான். "இன்னொரு தடவையா?" என்று இருவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்கள் இந்த மடலில் இல்லை.

தேர்வு நாளில் எனக்கு வந்தது என்ன கேஸ் என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. நோட்ஸில் ஏராளமான தகவல் இருந்தது, பாதியை விட்டுவிட்டேன், விட்டதற்காகக் கை நடுங்கவில்லை என்பது வரை சொல்லலாம்.

என்னைப் போல் எழுத்தில் மட்டும் நிற்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு விஷயம் உங்களுக்குப் பயன்படலாம். இரண்டு தடவை எழுதிய தேர்வுகளில் பகுதிவாரியாகத் தேறிய மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. அனுமதிக்கிறது. இரண்டும் பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும், குறைந்தபட்ச வரம்புகளும் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பணம் கட்டும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

சாரின் எண்கள் போட்ட கடிதங்கள் அத்தனையும் ஒரு ஃபைலில் விடுதிச் சேச்சியிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்குக் கொடுப்பார். திருத்திய படிகளை வேண்டுமென்றே அதில் வைக்கவில்லை. வரி ஓரத்தில் 2 என்று இருந்தால் இரண்டையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சாரைக் கேட்கலாம், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு முன் மட்டும் கூப்பிட வேண்டாம், தூங்குவார்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் வார்டிலிருந்து கிளம்பப்போகும் ஒரு செவிலியர்