துறைக்குள் நுழையும்போது

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

படகுப் பயணத்துக்காக நீ அனுப்பிய ஊர்ப் பட்டியலைப் பார்த்தேன். போர்ட்லாந்து, பூத்பே ஹார்பர், ராக்லாந்து, கேம்டன், கடைசியில் பார் ஹார்பர். நல்ல வரிசைதான். உன் கேள்விகளைப் பார்த்தால் நீயும் மாப்பிள்ளையும் நடுக்கடலை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். கோடையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில், உங்கள் அளவுப் படகுக்கு வம்பு வருவது துறைக்குள் நுழையும்போதும் படகைக் கட்டும்போதும்தான்.

முதலில் வழிகாட்டும் மிதவை. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம் என்று இங்கே சொல்லிக்கொடுத்திருந்தேன். அமெரிக்காவில் அது தலைகீழ். சிவப்பு வலப்பக்கம் இருக்க வேண்டும். பழைய ஞாபகத்தில் திருப்பினால் நேரே பாறைதான். ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடு. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது ஏற்றவற்றம். கடல் தண்ணீர் கோட்டை அகழித் தண்ணீர் மாதிரி ஒரே மட்டத்தில் நிற்காது; காலையில் பார்த்த மட்டம் மாலையில் இருக்காது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்தான். அங்கே சுமார் மூன்று மீட்டர், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். மிதக்கும் படகுத்துறை என்றால் அதுவும் கூடவே இறங்கும், கவலையில்லை. அசையாத மரத்துறையில் ஏற்றத்தின்போது கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது படகு கயிற்றில் தொங்கும், இல்லையென்றால் கயிறு கட்டும் கொக்கி (கிளீட்) பிடுங்கிக்கொள்ளும். அங்கே கயிறு நீளமாக, முன்னும் பின்னும் தள்ளிப் போய்க் கட்ட வேண்டும்.

நங்கூரத்திலும் இதே கணக்குதான் ஏமாற்றும். வற்றத்தில் ஆழம் 4 மீட்டர் என்று கருவி காட்டும். அதோடு ஏற்றம் 3, படகின் முன்முனை உயரம் 1 சேர்த்தால் 8. முழுக்கச் சங்கிலி என்றால் அதற்கு ஐந்து மடங்கு, 40 மீட்டர் விட வேண்டும். கயிறு என்றால் ஏழு மடங்கு, 56. நாலை மட்டும் பெருக்கி 20 மீட்டர் சங்கிலி விட்டவர்களுக்கு நடு இரவில் தண்ணீர் ஏறியதும் அது இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடும். சங்கிலி மேல்நோக்கி இழுக்க, நங்கூரம் மண்ணைவிட்டு எழும்பி, படகு சத்தமில்லாமல் நகரும். காற்றுக்கு எதிராக நின்று நங்கூரத்தை இறக்கி, பின்னால் நகர்ந்தபடி சங்கிலியை விட்டு, கடைசியில் மெதுவாக ரிவர்ஸ் போட்டு இழுத்துப் பார். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் குறித்துக்கொள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால் பிடித்துவிட்டது.

சிங்கி இறால் கூண்டுகளின் வண்ண மிதவைகள் துறை வாயிலிலேயே நெருக்கமாகக் கிடக்கும். நீரோட்டம் மிதவையை ஒரு பக்கம் இழுத்துவைத்திருக்கும்; கயிறு அதற்கு எதிர்ப்பக்கம் நீருக்குள் சரிந்து கிடக்கும். அதனால் நீரோட்டம் போகும் பக்கமாகவே மிதவையைத் தாண்டு. சில கூண்டுகளுக்கு இரண்டு மிதவை உண்டு, அவற்றுக்கு நடுவே நுழையவே கூடாது. புரொப்பெல்லரில் சுற்றிவிட்டால் உடனே நியூட்ரல், பிறகு இன்ஜினை நிறுத்து. ரிவர்ஸ் போட்டால் இன்னும் இறுகும். மாப்பிள்ளை கத்தியோடு குதிக்கக் கிளம்புவார், விடாதே. ஜூலையிலும் தண்ணீர் 15 டிகிரி அளவில்தான் இருக்கும், விழுந்த நொடியில் மூச்சு திணறும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மேல்தட்டுக்கே போகாதீர்கள்.

கட்டும்போது காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதற்கு எதிராக மெதுவாக வா. முதல் கயிறு படகின் நடுவிலிருந்து துறையில் பின்னோக்கிப் போகட்டும். ஸ்டீயரிங்கைத் துறைக்கு வெளிப்பக்கம் திருப்பி, முன் கியரில் மெதுவாக ஓடவிட்டால் படகு தானே துறையோடு ஒட்டி நிற்கும். மற்ற கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். இடைவெளியில் காலோ கையோ வைத்துத் தள்ளாதே, யாரும் தாவவும் வேண்டாம்.

மதியத்துக்குமேல் தென்மேற்குக் காற்று ஏறும், அதற்குமுன் துறை சேர்ந்துவிடுங்கள். மூடுபனி இறங்கினால் வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நீண்ட ஊதல், ஐந்து விநாடி. ரேடியோ அவசர அழைப்புக்கான சானல் 16-இல் இருக்கட்டும்.

அம்மா புளிக்காய்ச்சல் அனுப்புகிறாள், ஃபிரிட்ஜ் தேவையில்லை. சோறு வடிக்கும்போது ஒன்று: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் தேங்கும், ஒரு பொறி போதும். சமைத்து முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடு. குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்புக் குமிழைத் திருப்பு.

அப்பா