‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பதை நிறுத்துவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் வருகைப் பதிவு பற்றிய பேச்சு கிளம்பிவிடுகிறது. 75 சதவீதம் வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். பாவம், எழுதிவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள் வேறு சிலர். திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து, பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வகுப்பாசிரியையாக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்து பிள்ளைகள் நம் கையைவிட்டுப் போவது ஹால் டிக்கெட் நேரத்தில் அல்ல, அதற்கு வெகு முன்பே. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை வாசலில் நிறுத்தி, “அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் கிளாசுக்கு வா” என்கிறோமே, அங்கேதான் போகிறார்கள்.

அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தங்கச்சிக்குச் சோறாக்கிக் கொடுத்து, ஆடுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலாம் நாள் வந்தபோது கோடு போட்ட தாளில் அவனே எழுதிய லீவ் லெட்டர் ஒன்றை நீட்டினான். கீழே அம்மாவின் கைநாட்டு, மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. கைநாட்டை யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லி அதை நான் வாங்கவில்லை. அப்பாவைக் கூட்டிட்டு வா என்றேன். அவனுடைய அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றான். மூன்றாம் நாள் அங்கேயும் இல்லை. ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, “மிஸ், அப்பா தீபாவளிக்குத்தான் வருவாரு. வந்ததும் கூட்டிட்டு வரேன் மிஸ்” என்றான். என்னைக் கோபித்துக்கொண்டு அவன் போகவில்லை. நான் சொன்ன நிபந்தனையை நிறைவேற்றக் காத்துக்கொண்டிருந்தான். நாளைக்கே வாடா, யாரும் வேண்டாம் என்றேன். அதற்குள் கடைக்காரரிடம் வீட்டுக்காக முன்பணம் வாங்கியாகிவிட்டது. அவன் திரும்பி வரவே இல்லை.

கூலிக்குப் போகும் அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அதற்குப் பயந்து பிள்ளை வீட்டில் சொல்வதே இல்லை. காலையில் கிளம்பி எங்கோ சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறது. மூன்று நாள் லீவை முப்பது நாளாக்குவது நாமே. பிறகு அதே பிள்ளையின் பெயருக்கு நேரே ‘லாங் ஆப்சென்ட்’ என்று எழுதுகிறோம்.

75 சதவீதக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 165 நாள் வந்தால் போதும். மீதி 55 நாளும் ஒரு பிள்ளை வராமல் இருந்தாலும் விதி வாய் திறக்காது. 56-ஆம் நாள் கதவைச் சாத்திவிடும். அந்த 55 நாளில் அந்தப் பிள்ளையைத் தேடிப் போனது யார்? தொடர்ந்து பத்து நாள் வராதவன் பதினோராம் நாள் தானாக வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் தேர்வு எழுத வரவில்லை என்றதும் மாநிலமே அதிர்ந்தது. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேறி வந்த பிள்ளைகள் அவர்கள். அன்று திகைத்தவர்களைப் பார்த்து எனக்குத்தான் திகைப்பு. அவ்வளவு பிள்ளைகள் ஒரே காலையில் காணாமல் போகவில்லையே. பல மாதங்களாக வகுப்பில் அவர்கள் இடம் காலியாகக் கிடந்திருக்கும். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. ஆப்சென்ட் போட்டால் மேலிருந்து கேள்வி வரும், விளக்கம் எழுத வேண்டும் என்று பயந்து வந்ததாகக் குறிக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையாகக் குறித்தவருக்குத் திட்டும், பொய்யாகக் குறித்தவருக்கு நிம்மதியும் கிடைத்தால் யார் உண்மையை எழுதுவார்கள்?

காரணங்களைக் கேட்காமல் விதி போடுகிறோம் என்பதுதான் என் பெரிய வருத்தம். எங்கள் பக்கத்துச் சில கிராமங்களில் பொங்கல் கழிந்து பத்து நாளில் தெருவே காலியாகிவிடும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சட்டி பானையோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போய்விடும். மழை பிடிக்கிற வரைக்கும் அங்கேதான். பதினைந்து வயதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. சூளைச் சூட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் போய் சதவீதம் பேச முடியுமா?

மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வராத பெண்பிள்ளைகள் விஷயம் தனி. பள்ளிக் கழிப்பறையில் ஒழுங்காகத் தண்ணீர் வந்த மாதங்களில் என் வகுப்பில் அந்த லீவு தானாகக் குறைந்தது. நாப்கினை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மாற்றிக்கொள்ள இடமும் தண்ணீரும் வேண்டாமா?

சட்டமும் சரியாக இந்த வயதில்தான் கையை விடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைக்கும், எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016-இல் திருத்திய பிறகும், 14 வயதைத் தாண்டியவரை அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. ஒரு சட்டம் பிள்ளையைப் பிடித்த பிடியைத் தளர்த்தும் அதே வயதில் இன்னொரு சட்டம் கடை வாசலைத் திறந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்தால் மதியச் சத்துணவும் இல்லை. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. மிக நல்ல திட்டங்கள், நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியோடு நின்றுவிட்டவன் அந்த 1000 ரூபாயை எப்போது பார்ப்பான்?

கண்டிப்பு இல்லாவிட்டால் வகுப்பில் ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடியவர்களை நானே போய் அழைத்து வந்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குத் தெரிய வேண்டும், சரி. அதற்கு ஒரு போன் போதும். பரோட்டாக் கடைக்குப் பிறகு நான் அதைத்தான் செய்தேன். வராதவர்கள் வீட்டுக்கு அன்றைக்கே, இடைவேளையில் போன். பதிவேட்டில் இருக்கும் எண்களில் பாதி சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும், அல்லது மளிகைக் கடைக்காரர் எடுப்பார். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் சேர்த்து வாங்கி நோட்டில் எழுதி வைத்தேன். “ஏன் வரல?” என்று கேட்காமல் “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டால் விஷயம் வெளியே வருகிறது. திரும்பி வந்த பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைப்பேன். விசாரணை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இதை ஒரு ஆசிரியையின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் பள்ளிக் கல்வித் துறை விதியாக எழுதட்டும். வருகைதான் இப்போது செயலியில் காலையிலேயே பதிவாகிவிடுகிறதே. அந்தத் தகவல் மேலே போனால் மட்டும் போதுமா? இரண்டு நாள் வராவிட்டால் போன், ஐந்து நாள் ஆனால் வீட்டுக்கு நேரில் ஆள் என்று இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் ஆசிரியரில் ஒருவரும் சேர்ந்து போகலாம். போகவர பஸ் காசையும், அந்த நேரத்துக்கு வேறொருவர் வகுப்பு எடுக்கும் ஏற்பாட்டையும் அரசு கொடுக்க வேண்டும். சூளைக்குப் போகும் குடும்பங்களின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரியிலும் அரசு விடுதிகளில் இடம் தர வேண்டும். ஜூனில் சேராதவருக்கு இடமில்லை என்றால் தைக்குப் பிறகு ஊரைவிட்டுப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? பெற்றோரை அழைத்து வராத காரணத்துக்காக எந்த மாணவரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று ஒற்றை வரி சுற்றறிக்கை, உடனே வேண்டும். அதற்குச் செலவே கிடையாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இரண்டு நாள் பள்ளிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் என்ன என்று கேளுங்கள். பள்ளியில் யாராவது பிள்ளையை வெளியே நிறுத்தினால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அது உங்கள் பிள்ளைக்காகத்தான் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கால் இன்னும் நன்றாக நடக்கிறது. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்தால் வாரம் இரண்டு நாள் வீடு வீடாகப் போய்வர நானும் ஓய்வுபெற்ற இன்னும் இரண்டு ஆசிரியர்களும் தயார் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.