கனடாவின் வினிப்பெக்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மு,

நேற்று போனில், "மைனஸ் முப்பதும்மா, மூக்கு முடிகூட உறையுது" என்றாயே, அதிலிருந்து எனக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஞாபகம்தான். இங்கே சிங்கப்பூரில், நம்ம ஈசூனில் விடாத மழை. துணி காயவில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

1978-ல் தாதிப் பயிற்சிக்கு அங்கே போனேன். முதல் பனி விழுந்த இரவு, விடுதியிலிருந்த சிங்கப்பூர், மலேசியப் பெண்கள் எல்லாரும் தெருவுக்கு ஓடி, வாயைத் திறந்து பனியைப் பிடித்துத் தின்றோம். ஒரு ருசியும் இல்லை. அந்த அழகும் இரண்டு நாளைக்குத்தான். அப்புறம் உப்பும் புகையும் கலந்து கறுப்புச் சேறாகிவிடும். ஷெஃபீல்டு முழுக்க மேடும் பள்ளமும். பனி கொட்டினால் பஸ் ஏறாது. காலை ஷிஃப்டுக்கு இருட்டிலேயே நடந்து போவோம். 1979 ஜனவரியில் நாடெங்கும் வேலைநிறுத்தம் வேறு. லாரி ஓட்டுநர்கள், குப்பை அள்ளுபவர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் என்று ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தெருவில் குவிந்த குப்பையைப் பனியாவது மூடுகிறதே என்று சிரித்துக்கொள்வோம்.

விடுதியை விட்டு வாடகை அறைக்கு மாறிய பிறகுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது. மீட்டரில் காசு போட்டால்தான் கேஸ் ஹீட்டர் எரியும். சில்லறை தீர்ந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் போர்வைக்குள் புகுந்துவிடுவேன். காலையில் வாசலில் பால் புட்டியைப் பார்த்தால், உறைந்த பால் மேலே எழும்பி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலம் 1982. அந்த ஜனவரி 10-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊரில் மைனஸ் 27.2 டிகிரி. உங்கள் ஊரில் அது சாதாரணமாக இருக்கலாம், பிரிட்டனுக்கு அது சாதனைக் குளிர். தார்ச்சாலைமேல் கண்ணுக்கே தெரியாமல் பனிக்கட்டி படிந்துவிடும். வழுக்கியவர்கள் கையை ஊன்றி விழுவார்கள், மணிக்கட்டு போய்விடும். அதிலும் கடைக்குப் போன பாட்டிமார்கள்தான் அதிகம். வரிசையாக மாவுக்கட்டுப் போடுவோம். நனைத்துச் சுற்றிய கட்டு இறுகும்போது தானாகச் சூடேறும், தெரியுமா? விறைத்த விரல்களோடு வேலைக்கு வந்த எனக்கு அந்தச் சூடு அவ்வளவு இதமாக இருக்கும். ஒரு பாட்டி, "இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளம்மா, எனக்கும் நன்றாக இருக்கிறது" என்றார். நாற்பது வருஷம் தாதியாக இருந்தும் அந்த முகம் மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வேகமாக நடக்காதே. பாதத்தை முழுசாகப் பதித்து, வாத்து மாதிரி சின்னச் சின்ன அடியாக வை. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நடக்காதே. உப்பை நம்பாதே, அவ்வளவு குளிரில் அது பனியைக் கரைக்காது.

அப்பா ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறார், திங்கட்கிழமை பார்சல் அனுப்புகிறோம். எஞ்சின் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க ராத்திரி காரை மின்சாரத்தில் செருகி வைப்பீர்கள் என்று சொன்னால் அவர் நம்பவே மாட்டேன் என்கிறார். ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா