முகம் திருப்பிய ராஜா

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன ஸ்காட்லாந்துக் காசை நேற்றுதான் சாவகாசமாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுத்துக் கிடக்கிறதே என்று அம்மா விபூதி போட்டுத் தேய்க்கக் கிளம்பினாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன். எழுநூறு வருஷக் கறுப்பு, போனால் வருமா?

நாற்பது வருஷம் வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்த கை, முதலில் எடையைத்தான் பார்த்தது. ஒன்றரை கிராம்கூட இல்லை. ஸ்காட்லாந்து ராஜா மூன்றாம் அலெக்ஸாண்டர் 1280-இலிருந்து அடித்த வெள்ளிப் பென்னி. இடப்பக்கம் பார்த்த முகம், கிரீடம், மூக்குக்கு முன்னால் செங்கோல், பிடரியில் சுருண்ட முடி. முந்தின வருஷம்தான் இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் நேர்முகம் வைத்துப் புதுக் காசு போட்டிருந்தான். எடையில் இவர் அவனை ஒட்டியே போனார், இரண்டு பக்கச் சந்தையிலும் செல்ல வேண்டுமே! முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். எனக்கு அது பிடித்தது.

பின்பக்கத்தில்தான் தொழில் இருக்கிறது. விளிம்பு வரைக்கும் ஓடுகிற சிலுவை. ஓரத்தைச் சீவி வெள்ளி திருடுகிறவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். சிலுவையின் நுனி குறைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் காசில் நாலு நுனியும் பத்திரம். ஆனால் அடித்தவன் கை கொஞ்சம் நழுவியிருக்கிறது, ஓர் ஓரத்தில் எழுத்துகளுக்குத் தலையைக் காணோம். சுத்தியல் வேலையில் அது சகஜம்.

முன்னால் 'கடவுள் அருளால் அலெக்ஸாண்டர்', பின்னால் 'ஸ்காட்டுகளின் அரசன்' என்று லத்தீனில் இருக்கிறது. திருப்பினால்தான் வாக்கியம் முடியும். அடித்த ஊரின் பெயர் இல்லை. சிலுவையின் நாலு மூலையிலும் எட்வர்ட் மும்மூன்று புள்ளி வைத்த இடத்தில் இவருக்கு ஒவ்வொரு நட்சத்திரம். அவற்றின் முனைகளைக் கூட்டினால் வரும் எண்தான் ஊருக்கான ரகசியக் குறி என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இதில் ஆறாறாக 24. இரண்டு தடவை எண்ணினேன்.

பாவம், 1286 மார்ச்சில், புயல் ராத்திரியில், வேண்டாமென்றவர்கள் பேச்சைக் கேட்காமல் ராணியைப் பார்க்கக் குதிரையேறியவர். எடின்பரோவுக்கு அக்கரையில், கிங்ஹார்ன் பக்கம் விழுந்து செத்தார். நீ ராத்திரியில் சைக்கிளில் வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எடின்பரோவில் சேம்பர்ஸ் தெரு மியூசியம் பக்கம் போனால், இவர் காசு கண்ணில் பட்டால், நட்சத்திரத்துக்கு ஐந்து முனையா, ஏழா என்று எண்ணி வாட்ஸப்பில் போடு. கூட்டல் நான் போட்டுக்கொள்கிறேன்.

அப்பா