பழைய பிரவுன் பெஸ் வாங்கலாமா?

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து ரொம்ப சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். பிரிட்டிஷ் படை அந்தக் காலத்தில் வைத்திருந்த சக்கிமுக்கித் துப்பாக்கியான பிரவுன் பெஸ்ஸின் நகல், இந்தியாவில் செய்த பழையது, மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்தியச் சரக்கு என்றதும் முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கட்டை பெரும்பாலும் தேக்கு. அசலில் இருந்த வால்நட் கட்டையைவிடத் தடிமனாகவே விட்டிருப்பார்கள், அதைச் செதுக்கி மெலிதாக்கிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

சிக்கல் லாக்கில், அதாவது பொறி தட்டிச் சுடவைக்கும் பகுதியில்தான். சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியான குதிரை விழும்போது அந்தக் கல் எதிரே இருக்கும் எஃகுத் தகட்டைச் சீவுகிறது, அந்தச் சீவல் எரிவதுதான் தீப்பொறி. தகட்டின் முகம் கடினமாக இல்லையென்றால் கல் அதில் பள்ளம் பறிக்குமே தவிர பொறி வராது. பழைய இந்திய நகல்களில் பலவற்றுக்கு இதுதான் நோய், எல்லாவற்றுக்கும் இல்லை, ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. இதற்கு வைத்தியமும் உண்டு: கரியில் புதைத்துக் காய்ச்சி மேல்தோலைக் கடினமாக்கலாம், அல்லது முகத்தில் நல்ல எஃகு ஒட்டு போடலாம்.

எனக்குப் பயமெல்லாம் குழலுக்குள் தீ போகும் நெருப்புத் துளையைப் பற்றித்தான். இவற்றில் நிறைய, நெருப்புத் துளை போடாமலேயே, சுடாத காட்சிப் பொருளாகக் கப்பல் ஏறியவை. பிறகு யாரோ ஒருவர் துளை போட்டிருப்பார். அது பற்றவைக்கும் மருந்தை வைக்கும் கிண்ணத்துக்கு நேராக இருக்கிறதா, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் திருகின் மரையில் போய் விழுந்திருக்கிறதா என்று பார். மரையில் விழுந்திருந்தால் கருமருந்துக் கசடு உள்ளே தங்கி அரித்துக்கொண்டே இருக்கும், அதைத் தொடாதே, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்துக் குத்தும் முத்திரை அதில் இருக்கிறதா என்றும் கேள். பிரிட்டனில் சுடுவதற்கென்று விற்பதானால் லண்டன் அல்லது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் என்னும் சோதனைச் சாலையில் சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் முத்திரையில்லாதது நிறைய சுற்றுகிறது. அப்படிப்பட்டதைத் துப்பாக்கி வேலை தெரிந்தவர் ஒருவர் குழலைக் கழற்றிப் பார்த்துச் சொல்லாமல் நீ மருந்து போடவே கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குழல் 46 அங்குலமா, 42ஆ, 39ஆ என்றும் அளந்து எழுது, எந்தக் காலத்து மாதிரி என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். குழல் தேறிவிட்டால் தகட்டை என்னிடம் அனுப்பு, நானே பதப்படுத்தித் தருகிறேன்.

அன்புடன்,
முரளி