மாக்குலாட்டஸ் என்ற பெயருக்குள் எத்தனை எறும்புகள்? காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெனீவா, பாசெல், ஜெனோவா அருங்காட்சியகங்களின் பூச்சிப் பிரிவுக் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். ஒரே ஓர் எறும்புக்காக எழுதுகிறேன்: கேம்போனோட்டஸ் மாக்குலாட்டஸ். சகாராவுக்குத் தெற்கே பரவலாக வாழும் தச்செறும்பு. வயிற்றில் வெளிர் புள்ளிகள் கொண்டது, இருட்டிய பிறகே இரை தேடப் புறப்படும். தச்செறும்பு என்றாலும் மண்ணிலும் கல்லுக்கடியிலும்கூடக் கூடு வைக்கும்.

டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1782இல் இதற்குப் பெயர் வைத்தார். அப்புறம் வந்தவர்கள் கொஞ்சம் கறுத்தது, கொஞ்சம் வெளுத்தது எல்லாவற்றையும் இதே பெயருக்குக் கீழே அடுக்கினார்கள். தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் அனுப்பிய பூச்சிகளையும் ஆராய்ந்தவர்தான் ஃபாப்ரீசியஸ். அவர் 1787இல் தனி இனமாக எழுதிய எங்கள் ஊர்க் கட்டெறும்பு கம்ப்ரெஸ்ஸஸ்கூட ஒரு காலத்தில் மாக்குலாட்டஸின் உட்பிரிவாக இருந்தது. அது மீண்டும் தனி இனமாகிவிட்டது. ஆப்பிரிக்க எறும்புகள் பல இன்னும் மீளவில்லை.

இப்படி அடுக்கிய பழைய எறும்பியலாளர்களான ஃபோரெல், எமெரி, துனிசியாவில் மருத்துவராக இருந்த சான்ட்சி ஆகியோரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த எறும்பின் ஒரே கூட்டில் சிறுதலை வேலைக்காரியும் பெருந்தலை வேலைக்காரியும் இருப்பார்கள். ஊசியில் குத்தி வந்த ஒன்றிரண்டை வைத்து இனத்தைப் பிரிப்பது யாருக்கும் கடினம்தான். அதனால்தான் பேரினம், இனம், உட்பிரிவு, அதற்கும் கீழே ஒரு வகை என்று நான்கு சொல் நீளப் பெயர்கள் பிறந்தன. இன்றைய பெயரிடல் விதியில் அந்த நான்காம் சொல்லுக்கு இடமே இல்லை.

இதில் பரவல் வரைபடமும் கெடுகிறது. பழைய பட்டியலில் மாக்குலாட்டஸ் என்று எழுதியிருந்தால் அது எந்த எறும்பு என்று மாதிரியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எறும்பியலாளர் பாரி போல்டன் ஆப்பிரிக்காவின் டெட்ராமோரியம் என்ற வேறொரு பேரினத்து எறும்புகளை 1980இல் ஒழுங்குபடுத்தியதுபோல அந்தக் கண்டத்தின் கேம்போனோட்டஸ் பேரினம் முழுவதற்கும் யாரும் செய்யவில்லை.

எறும்புப் படங்களைத் தொகுக்கும் ஆன்ட்வெப் இணையதளத்தில் உங்கள் மாதிரிகளின் படங்கள் கிடைக்கின்றன, நன்றி. ஆனால் படம் மட்டும் போதாது. பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள் உங்கள் பெட்டிகளில் இருக்கின்றன; கூடுகளோ ஆப்பிரிக்க மண்ணில் இருக்கின்றன. ராணி, ஆண், சிறியது, பெரியது என்று முழுக் கூட்டையும் சேகரித்து, மரபணுவும் பார்த்து, உங்கள் ஊசி மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அதை ஆப்பிரிக்க ஆய்வாளர்களே செய்ய, பயணச் செலவும் தங்குமிடமும் கொடுத்து அவர்களை அழையுங்கள். வர முடியாதவர்களுக்கு, ஒரே சேகரிப்பில் பல எறும்புகள் இருந்தால் ஒன்றையாவது கடனாக அனுப்புங்கள்.

அன்புடன்,
எறும்பு பார்க்கும் ஒரு தமிழ் வாசகர்