செபக்குழுப் பெரியவர்களே, அந்த வாசலில் நிற்காதீர்கள்

லண்டன் தமிழ்க் கத்தோலிக்கச் செபக்குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தவக்காலத்துக்காக நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை மூன்று தரம் கேட்டேன். திங்கட்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு, கருக்கலைப்பு நடக்கும் கிளினிக் வாசலுக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று செபிக்க வேண்டும். பதாகை வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம், மனதுக்குள் செபிப்பவரைப் பொலிஸ் ஒன்றும் செய்ய ஏலாது என்கிறீர்கள். கீழே பதினொரு பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் என் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர்கள். தயவுசெய்து அந்த வாசலுக்குப் போகாதீர்கள்.

சட்டத்தை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. 2024 ஒக்ரோபர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படியான கிளினிக்குகளைச் சுற்றி 150 மீற்றர் பாதுகாப்பு வலயம். கருக்கலைப்புக்கு வருபவரின் முடிவை மாற்றவோ, வழியை மறிக்கவோ, மனதை நோகடிக்கவோ அதற்குள் எதைச் செய்தாலும் குற்றம். வலயத்துக்குள் ஒரு தேவாலயம் இருந்தால் அதற்குள் நடக்கும் வழிபாட்டை இந்தச் சட்டம் தொடாது. 150 மீற்றர் என்பது மெதுவாக நடந்தால் இரண்டு நிமிடம். லண்டன் முழுவதும் உங்களுக்கு இருக்க, அந்த இரண்டு நிமிடத் தெருவில்தான் செபிக்க வேண்டும் என்று ஏன் நிற்கிறீர்கள்?

2016 இல், இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்னர், என் அண்ணாவின் மகளை அப்படியொரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஏன் போனாள் என்று எழுத மாட்டேன். காரணத்தைச் சொன்னால் உங்களில் சிலர் இரங்குவீர்கள், சிலர் இரங்க மாட்டீர்கள். அந்தத் தீர்ப்புக்கு அவளை நான் நிறுத்தப் போவதில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். பச்சைக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழில் கதைத்தார். "பிள்ளை, நீங்கள் தமிழோ? ஊரிலை எவடம்?" வேறெந்த இடத்திலும் இந்தக் கேள்விக்கு நாங்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வோம். ஊரைச் சொன்னால் அப்பாவைக் கண்டுபிடிக்கலாம், அப்பாவைக் கண்டுபிடித்தால் பின்னேரத்துக்குள் செய்தி எங்கெல்லாம் போகும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியாதா? அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மா அவளுடைய மற்றக் கையை விரித்து, நீல நிறப் பிளாஸ்ரிக் செபமாலை ஒன்றை வைத்து மூடினார். "வயித்துக்குள்ளை இருக்கிறது உம்மை அம்மா எண்டு கூப்பிடுது, கேக்கேல்லையோ?" குரல் உயரவில்லை, மிகவும் அன்பாகத்தான் கேட்டார்.

உள்ளே இருந்த ஒரு மணி நேரமும் அந்தச் செபமாலை அவள் கையில்தான் இருந்தது. முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து செபமாலையை நிலத்தில் வைக்கக்கூடாது, விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. குப்பைத்தொட்டி பக்கத்தில்தான் இருந்தது, போட முடியவில்லை. கதிரையில் வைக்கவும் முடியவில்லை. ஊசி ஏற்றுவதற்காக நேர்ஸ் கையை விரிக்கச் சொன்னபோது உள்ளங்கையில் மணிகளின் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது. அவள் அதை முத்தமிட்டுவிட்டு என்னிடம் தந்தாள். "மாமி, கடவுள் என்னிலை கோவமோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவள் பூசைக்கு வரவில்லை. பெரியவர்களே, அந்தச் செபம் ஒரு ஆத்துமாவைக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை. இருந்த ஒன்றையும் வெளியே தள்ளியது.

மௌன செபத்தைக் குற்றமாக்கலாமா என்று கேட்கிறீர்கள். பேர்மிங்ஹாமில் ஒரு கிளினிக்குக்குப் பக்கத்தில் தனியே நின்ற பெண்ணிடம் செபிக்கிறீர்களா என்று பொலிஸ் விசாரித்தது எனக்கும் பிடிக்கவில்லை. மனதுக்குள் பொலிஸ் புகக்கூடாது. பின்னர் பொலிஸ் அவருக்கு 13,000 பவுண்ஸ் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் பதினொரு பேர் முறைவைத்து வந்து, உள்ளே போகும் பெண் காணும்படி நிற்பது மனதுக்குள் மட்டும் நடக்கிற காரியமா? அவள் காண வேண்டும் என்பதற்காகத்தானே அந்த இடம்? இந்தச் சட்டத்தில் மௌன செபத்துக்கு விலக்குக் கேட்ட திருத்தத்தை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் 299க்கு 116 என்று தள்ளியது. அதற்கு முன்னர், 2022 டிசெம்பரில், வட அயர்லாந்தின் இதேமாதிரி வலயச் சட்டமூலத்தை உச்ச நீதிமன்றமும் மத சுதந்திரம், பேச்சுரிமை எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டது. லண்டனின் ஈலிங் நகரசபை 2018 இல் முதன்முதலாகக் கிளினிக் வாசலில் இப்படி நிற்கத் தடை போட்டதும் பெண்கள் வருடக்கணக்காக முறையிட்ட பிறகுதான். போர்ன்மவுத்தில் அப்படியொரு வலயத்துக்குள் மௌனமாகச் செபித்தேன் என்றவருக்கு நீதிமன்றம் நிபந்தனை விடுதலையோடு 9,000 பவுண்ஸ் செலவும் விதித்தது. உங்களில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களை அங்கே நிறுத்த முதல் இதை அவர்களுக்குச் சொன்னீர்களா?

குரல்பதிவின் கடைசியில், இதுவும் எங்கட ஊர் உயர் பாதுகாப்பு வலயம் மாதிரித்தான் என்றீர்கள். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. 1990 இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பின குடும்பம் என்னுடையது. அம்மம்மா தன் வீட்டு முற்றத்தைத் திரும்ப மிதிக்காமலே செத்தார். இராணுவம் போட்ட அந்த வலயம் எங்கள் சொந்த வாசலுக்கு எங்களைப் போகவிடவில்லை. இந்த வலயம், ஒரு பெண் தான் போக வேண்டிய வாசலுக்குப் போவதை நாங்கள் மறிக்காமல் பார்க்கிறது. இரண்டையும் ஒரு வாயால் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவியில் பணம் இல்லை என்று அரசாங்கம் சொன்னபோது, எங்கள் குழுவில் யாராவது அதற்காக ஒரு மணி நேரம் எங்கேயாவது நின்றோமா? இரவு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைகளைப் பார்க்க ஒரு அட்டவணை போட்டோமா? புருஷன் அடித்து முகம் வீங்கி பூசைக்கு வந்த பெண்ணுக்கு நாங்கள் சொன்னது பொறுமையாய் இரு என்பதுதான். அந்த வீட்டு வாசலில் ஒருவரும் மெழுகுதிரி பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கருவில் உள்ள உயிரைப் பற்றிய உங்கள் நம்பிக்கையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைப் பிரசங்கிக்கலாம், எழுதலாம், வெஸ்ட்மின்ஸ்ரருக்கு ஊர்வலமாகப் போகலாம், உங்கள் எம்பியைச் சந்திக்கலாம். ஒருவரும் தடுக்கவில்லை. தயவுசெய்து அந்த வாசலில் மட்டும் நிற்காதீர்கள்.

வருகிற திங்கட்கிழமைக்கு முன்னர் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். அதே எட்டு மணிக்குக் கோயிலைத் திறந்து தரும்படி பங்குத்தந்தையிடம் நான் கேட்கிறேன். வேலைக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு மணி நேரம் நானும் உங்களோடு முழங்காலில் இருக்கிறேன். நீலச் செபமாலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் செபக்குழுவின் பழைய அங்கத்தவள் ஒருத்தி